வியாழக்கிழமைக் கட்டம்

வேலாமணியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் சித்தப்பா அவள் கையில் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, ரெண்டு வரி படி கண்ணு, கேட்போம் என்றார். பள்ளி இறுதித் தேர்வில் தமிழில் எண்பத்தேழு வாங்கியவளிடம் சொல்கிற பேச்சா இது? அவள் படித்தாள். ரெண்டு வரியில் நிறுத்தவில்லை. தலைப்புச் செய்தி முடிந்து, ஈரோட்டு மஞ்சள் விலை முடிந்து, சாலை போடுகிற டெண்டர் விளம்பரத்தில் ஐந்தாவது நிபந்தனைக்கு வந்தபோது சித்தப்பாவே கையெடுத்துக் கும்பிட்டுப் போதும் என்றார். கூட்டம் முகம் சுளித்தது. மாப்பிள்ளை குமாரசாமிக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் சம்மதித்தாள். மின்கம்பம் ஏறுகிற வேலை, மலையில் குடித்தனம் என்பதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டும். ஊட்டி மலையில் அவலாஞ்சிக்கும் மேலே ஒன்பது மைல் தள்ளி இருந்தது அந்த மின் முகாம். மேல்முகாம் என்று பேர். எட்டு வீடு, ஒரு ஸ்டோர், ஒரு தொலைபேசி, ஏறி இறங்க ஒரே ஒரு ஜீப். ஜூன் மாதம் துவைத்த துணி செப்டம்பரில்தான் காயும் என்று அங்கே சொல்லிக்கொள்வார்கள். அது பொய். அடுப்புக்கு மேலே கட்டினால் மூன்று நாளில் காய்ந்துவிடும், புகை நாற்றத்தோடு. எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் வேலாமணி அங்கே எட்டாம் நம்பர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

முகாமில் சூடாக இருந்த ஒரே இடம் மனமகிழ் மன்றம். கணப்பு, கேரம் பலகை, இரண்டு பெஞ்சு, தினசரி ஒன்று. வேலை முடிந்த ஆண்கள் அங்கே போய்க் காலை நீட்டுவார்கள். பெண்கள் போவதில்லை. யாரும் தடுத்ததில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. அவர்களுடைய மனம் எங்கே மகிழும் என்று மன்றத்துப் பெயர்ப்பலகை எழுதியவர் கவலைப்படவில்லை.

மன்றத்துச் செயலாளர் சுப்பண்ணன். ஸ்டோரும் அவர் பொறுப்புதான். மண்ணெண்ணெய், விறகு, கம்பளிக் கோட்டு எல்லாம் அவர் சாவியைத் திருப்பினால்தான் வெளியே வரும். ஆனால் அவருக்கு முகாமில் இருந்த மரியாதை அந்தச் சாவியால் வந்ததில்லை. தினசரியின் கடைசிப் பக்கத்தில் வரும் குறுக்கெழுத்துப் புதிரால் வந்தது. லேசான புதிர் இல்லை அது. ஒரு சொல்லின் தலையை வெட்டு, வாலை அறு, எழுத்தைக் கலைத்துப் போடு என்று ஆளைச் சுற்றவிடும். குதிரைக்கு இடை ஒடிந்தால் நாய் செய்வது என்ன, ரெண்டெழுத்து என்று கேட்கும். நடு எழுத்தை எடுத்தால் குரை. சுப்பண்ணன் இதையெல்லாம் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி நிரப்புவார். சுற்றி நிற்பவர்கள் அவரைப் புலவரே என்பார்கள். நாலு வருஷமாக அவர் புலவர்.

பேப்பர் அங்கே தினமும் வராது. திங்களும் வியாழனும் ஜீப் ஊட்டிக்குப் போய்த் திரும்பும்போது, சேர்ந்து கிடந்த பேப்பரை ஒரே கட்டாகக் கொண்டுவரும். திங்கட்கிழமைக் கட்டில் நாலு நாள் பேப்பர், வியாழக்கிழமைக் கட்டில் மூன்று நாள். புதுக் கட்டு வந்ததும் பழைய கட்டை முறைவைத்து ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அலமாரியில் விரிக்கலாம், அடுப்புப் பற்றவைக்கலாம், அவரவர் பாடு.

வேலாமணிக்கு முதல் முறை வந்தது மாசி மாதம். நாலு நாள் பேப்பரில் மூன்று நாள் கட்டம் மையில் நிரம்பியிருந்தது. திங்கட்கிழமைக் கட்டம் காலி. சோறு வடிக்க மறந்து, கஞ்சி பொங்கி அடுப்பு அணைகிற வரைக்கும் அவள் அதை விடவில்லை. பாவாடைக்கு இடை இல்லாவிட்டால் கடைசிப் பயணம் என்ற குறிப்புக்குப் பாடை என்று எழுதியபோது தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். விடை மறுநாள் பேப்பரில் வரும். அந்தப் பேப்பர் இருந்த கட்டு அடுத்த முறைக்காரியான பாலாமணி வீட்டுக்குப் போயிருந்தது. பாலாமணி அதற்குள் அதை அலமாரியில் விரித்து மேலே பருப்பு டப்பாக்களை அடுக்கிவிட்டாள். வேலாமணி ஒவ்வொரு டப்பாவாக இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. பாலாமணிக்கு இந்தப் பெண்ணுக்குக் குளிர் தலைக்கு ஏறிவிட்டதோ என்று இருந்தது.

அப்புறம் எந்த வீட்டுக்குக் கட்டு போனாலும் வேலாமணி பின்னாலேயே போனாள். ரெண்டு மாதத்தில் ஒன்றைக் கவனித்தாள். எந்தக் கட்டை எடுத்தாலும் கடைசி நாள் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குமாரசாமியிடம் சொன்னாள். அவர் மன்றத்தில் வெள்ளந்தியாகக் கேட்டுவைக்க, திங்களும் வியாழனும் ஜீப்பில் வருகிற சாமானை இறக்கிச் சரிபார்க்கவே நேரம் சரியாகிவிடுகிறது, அன்றைய புதிருக்கு எங்கே நேரம் என்றார் சுப்பண்ணன். எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். மற்ற மூன்று நாள் கட்டத்தையும் அதே சாயங்காலம் அரை மணியில் நிரப்புகிறவருக்கு நாலாவதற்கு மட்டும் நேரம் இல்லையாம். வேலாமணிக்குப் புரிந்துபோயிற்று. வெள்ளிக்கிழமைப் புதிருக்கு விடை சனிக்கிழமைப் பேப்பரில், சனிக்கு ஞாயிறில். எல்லாம் அதே கட்டில் இருக்கிறது, கடைசி நாளுக்கு மட்டும் இல்லை. புலவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் அவர் குட்டை உடைத்துவிடு என்றார் குமாரசாமி. அவள் மாட்டேன் என்றாள். அவர் பார்த்து எழுதினால் அது அவர் பாடு, தனக்கு வேண்டியது புதுப் பேப்பர் என்றாள். மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஆண்கள் ஜீப்பிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போது மன்றத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டு மேஜைமேல் இருந்தது. வியாழக்கிழமைக் கட்டத்தை இருபத்தைந்து நிமிஷத்தில் பென்சிலால் நிரப்பிவிட்டு, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் அதை முதலில் பார்த்தவர் ஜீப் ஓட்டுகிற சங்கிலி. புலவர் இன்றைக்குச் சாமான் வேலையோடு வியாழக்கிழமையையும் முடித்துவிட்டார் பார் என்று அவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். சுப்பண்ணன் கட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். குமாரசாமி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வேலாமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. இருட்டில் நாணயம் கண்டெடுத்தவன்கூட யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்பான். அவர் கேட்கவில்லை.

அடுத்த திங்களும் எழுதினாள், அதற்கடுத்த வியாழனும் எழுதினாள். ரெண்டு தடவையும் அவர் தலையை ஆட்டினார். அதற்கும் அடுத்த திங்கள் அவள் பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு மைப்பேனாவை எடுத்துக்கொண்டு போனாள். கட்டத்தை நிரப்பினாள். கீழே, அச்சடித்த விளம்பரத்தின்மேலேயே, வேலாமணி, எட்டாம் நம்பர் வீடு என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்தாள்.

முகாம் ரெண்டுபட்டது என்று சொல்ல ஆசைதான். ரெண்டுபடவில்லை. எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். மன்றத்து விதி ஒன்பதின்படி பேப்பரில் செயலாளர் தவிர யாரும் எழுதக்கூடாது என்று சுப்பண்ணன் எடுத்துக்காட்டினார். முன்பு பென்சிலில் எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலாமணி மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவாயிற்று. கடிதத்தைச் சுப்பண்ணனே எழுதிக் கொடுத்தார். "எழுதப்படிக்க ஏதோ கொஞ்சம் கற்ற நான், விவரம் தெரியாமல் மன்றத்துப் பேப்பரில் கிறுக்கிவிட்டேன். இனி மன்றத்துக்குள் வரமாட்டேன்" என்று இருந்தது. வேலாமணி அதை ரெண்டு தடவை படித்தாள். ஏதோ கொஞ்சம். விவரம் தெரியாமல். கிறுக்கி. கடிதத்தை மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தாள்.

ஜூன் பிறந்தது. காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்தது. மழைக்காலக் கம்பளிக் கோட்டுகள் ஊட்டியிலிருந்து வந்து இறங்கின. எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, குமாரசாமிக்கு மட்டும் அளவு சரியாக இல்லை, அடுத்த தடவை வரும் என்றார் சுப்பண்ணன். வாயால் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார் மனுஷர். அவருடைய கோபமெல்லாம் சாவிக்கொத்தில் இருந்தது.

குமாரசாமி கிழிந்த பழைய கோட்டோடு லைன் பார்க்கப் போனார். நாலாம் நாள் நடுங்கிக்கொண்டு வந்தார். வேலாமணி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், மிளகு தட்டிப் போட்டாள், தன் போர்வையையும் அவர்மேல் போர்த்தினாள். அவர் பல் கிட்டிக்கொண்டிருக்க, அவள் எழுந்துபோய் உப்பு ஜாடிக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தப் பகல் முழுக்க அவள் மனம் தள்ளாடியது. ஒரு கையெழுத்துதான். நாலு எழுத்து. கட்டத்தில் எத்தனை எழுத்துப் போடுகிறாள், இங்கே நாலு போட்டால் தேய்ந்தா போய்விடும்? பேனாவைத் திறந்தாள். விவரம் தெரியாமல் என்ற இடத்தில் கண் போய் நின்றது. அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, அடங்காத ஆத்திரம்.

குமாரசாமி கட்டிலில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம்வரை போட்டுத் தொலையேன் என்று சொன்னவர்தான்.

"பேனாவ மூடி வெய்யி புள்ள," என்றார். "கோட்டு வந்தா வருது, வராட்டிப் போவுது. தெரியாமக் கிறுக்குனேன்னு நீ எழுதிக் குடுத்துட்டீன்னா, அப்பறம் இந்த ஊட்டுல எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

அவள் பேனாவை மூடினாள். மறுநாள் காலையிலேயே போய் உதவிப் பொறியாளர் பாலனிடம், தான் கையெழுத்துப் போடுவதாக இல்லை, மன்றத்துக்கு வருவதை நிறுத்துவதாகவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பாலன் இளைஞர், கல்யாணமாகாதவர், நியாயமாக நடக்க ஆசைப்படுகிறவர். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மன்றத்தில் கூட்டம் போட்டார். ஆண்கள் பெஞ்சிலும் ஜன்னல் திண்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். வேலாமணி கணப்புக்கு எதிரே நின்றாள். பாலாமணியும் மற்ற பெண்களும் உள்ளே வராமல் வாசலில் தலைக்குச் சாக்குப் போட்டுக்கொண்டு சாரலில் நின்றார்கள். கட்டு அப்போதுதான் வந்து மேஜைமேல் இருந்தது.

பாலன் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பேப்பரில் எழுதக்கூடாது என்று இருந்ததே தவிர, பெண்கள் வரக்கூடாது என்று எங்கும் இல்லை. அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். இன்றைய புதிரை எல்லார் முன்னாலும் வேலாமணி போட்டுக்காட்டட்டும். போட்டுவிட்டால் மன்றத்துக்கு வரலாம், எழுதலாம். போடாவிட்டால் கடிதத்தில் கையெழுத்து. சபாஷ், நல்ல தீர்ப்பு என்று ஆண்கள் தலையசைத்தார்கள். குமாரசாமிக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அவளால் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

"நான் எழுத மாட்டேனுங்க சார்," என்றாள் வேலாமணி.

பாலன் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க கேரம் ஆடறவங்களை யாரும் பரீட்ச வெச்சு உள்ள உடலீங்க. பேப்பர மூஞ்சில போட்டுட்டுத் தூங்கறவங்களையும் யாரும் ஒண்ணும் கேக்கலீங்க. எனக்கு மட்டும் எதுக்குங்க பரீட்ச? செயலாளருதான் எழுதோணும்னு விதி இருக்குதில்லீங்க, அவரு எழுதட்டும். இன்னிக்கு வியாழக்கெழம. கட்டம் காலியாத்தான் கெடக்குது. எங்க முன்னால அவரு ரொப்பிட்டார்னா, இந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டுட்டு நான் எம்பட ஊட்டுக்குப் போயிர்றேன்."

கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பாலனுக்கு அது நியாயமாகவே பட்டது. ஆண்களுக்கும் சந்தோஷம்தான், புலவருக்கு இது ஒரு வேலையா? சுப்பண்ணன் மட்டும் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார்.

"போயி எடுத்துட்டு வாங்கண்ணா. நான் உக்காந்திருக்கேன்," என்று வேலாமணி கணப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் பதறி எழுந்தார்கள்.

கண்ணாடி வந்தது. சுப்பண்ணன் பேனாவைத் திறந்து, தலைவலியில் தலை போனாலும் போகாதது என்ற குறிப்பைப் படித்தார். சட்டென்று வலி என்று எழுதினார். கை தட்டினார்கள். நாலு வருஷம் விடையைப் பார்த்து எழுதிய கைக்குக் கொஞ்சமாவது பழக்கம் வந்திருக்காதா? இதை வேலாமணி நினைத்துப் பார்க்கவில்லை. வாய்க்கொழுப்பால் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோமோ என்று இருந்தது. மடியில் விரல்களைக் கோத்துக்கொண்டு பேனா முனையையே பார்த்தாள்.

பேனா நகரவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. ஒருவர் இருமினார். சங்கிலி கணப்பில் ஒரு கட்டை போட்டார். பத்து நிமிஷம் போயிற்று. தலை கொய்த தாமரைக்குள் ஒரு மான், ரெண்டெழுத்து என்று சுப்பண்ணன் வாய்விட்டுப் படித்தார். புள்ளி என்றார் ஒருவர். கடமான் என்றார் இன்னொருவர், அது நாலெழுத்து என்று தெரியாமல். தினமும் விடிந்தால் தோட்டத்தில் முட்டைக்கோஸைத் தின்றுவிட்டுப் போகிற மானின் பேர் அத்தனை பேருக்கும் தெரியும். தாமரையின் தலையைக் கிள்ளினால் மரை என்று மட்டும் யாருக்கும் தட்டவில்லை. சுப்பண்ணனின் நெற்றியில், அந்தக் குளிரில், வியர்த்தது. அவர் கை தன்னையறியாமல் பக்கத்தைத் திருப்பிற்று. அந்தப் பக்கத்தில் புதன்கிழமைக்குத்தான் விடை இருந்தது. மறுபடியும் திருப்பினார்.

பாவம் என்று வேலாமணிக்குத் தோன்றியது. வயசானவர். தான் எழுதியதற்கெல்லாம் அவர் தலையாட்டியதும், குமாரசாமியின் பல் கிட்டியதும் நினைவுக்கு வந்தன. பாவம் அத்தோடு போயிற்று.

சுப்பண்ணன் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இந்த மானு என்னம்மா?" என்றார்.

அவள் எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். "வெடை திங்கக்கெழமக் கட்டுல வருமுங்கண்ணா. எப்பவும் போலப் பாத்து எழுதிக்கோங்க."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. சங்கிலிக்குத்தான் உறைத்தது. நாலு வருஷமாகத் திங்களும் வியாழனும் அந்தக் கட்டுகளைத் தூக்கி வந்தவர் அவர். மேஜைக்கு வந்து, பழைய திங்கட்கிழமைக் கட்டை எடுத்து, மையில் நிரம்பியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தையும் திங்கட்கிழமைப் பேப்பரில் இருந்த விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சுப்பண்ணனைப் பார்த்தார். ரெண்டு பேப்பரையும் எல்லாரும் பார்க்கும்படி விரித்துவைத்தார். புலவர் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேலாமணி அந்தப் பேனாவை எடுத்தாள். யாரும் அவளைப் போடச் சொல்லவில்லை, அதனால் போட்டாள். மரை என்று எழுதினாள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வலமிருந்து இடம் என்று மளமளவென்று இறங்கினாள். கட்டம் முடிந்ததும் கீழே தன் பேரையும் வீட்டு நம்பரையும் எழுதினாள். மன்னிப்புக் கடிதம் மேஜைமேல் கிடந்தது. பாலன் அதை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விதிப் புத்தகத்துக்குள் செருகினார்.

வாசலில் சாக்குப் போட்டுக்கொண்டு நின்றவர்கள் இன்னும் அப்படியே நின்றார்கள். வேலாமணி தலை நிமிராமல் திங்கட்கிழமைக் கட்டிலிருந்து இன்னொரு பேப்பரை இழுத்தாள்.

"எத்தன நேரம் நனைவே பாலாமணி?" என்றாள். "உள்ள வந்து உக்காரு. அவங்களையும் வரச் சொல்லு."

பாலாமணி ஒரு காலை எடுத்து வைத்தாள், பிறகு அடுத்ததை. பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். பெஞ்சில் இடம் போதவில்லை. ஆண்களில் நாலு பேர் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள்.